ஓயாத கால்களின் மூலம் தேடி

ஓயாக் கால் நோய் பெரும்பாலும் மாலைக்கு மேல்தான் தலைகாட்டும். நடமாடும்வரை ஒன்றும் தெரியாது. உட்கார்ந்தாலோ படுத்தாலோ கெண்டைக்காலின் உள்ளே ஏதோ ஊர்வதுபோலவும் இழுப்பதுபோலவும் இருக்கும். காலை அசைத்தே தீரவேண்டும் என்ற உந்துதல் அடக்க முடியாமல் எழும். எழுந்து நடந்தால் தணியும், மறுபடி படுத்தால் மறுபடி வரும். வீட்டில் இதைக் குடைச்சல் என்று சொல்லிக் கால் அமுக்கிவிடச் சொல்வார்கள். காலைச் சோதித்தால் வீக்கமோ காயமோ இருக்காது. இதனாலேயே பலருடைய வேதனை பல ஆண்டுகள் நம்பப்படாமல் போகிறது.

இத்தொல்லை மருத்துவ ஏட்டில் எப்போது ஏறியது என்று இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது முதலில் கிடைத்தவர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ். மூளையின் அடியிலுள்ள ரத்தக்குழாய் வளையம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1672இல் அவர் வெளியிட்ட லத்தீன் நூலில், படுக்கையில் கைகால்கள் துள்ளித் துடிப்பதால் உறங்கவே முடியாதவர்களை விவரித்து, அவர்கள் படும் பாட்டைச் சித்திரவதைக்கு ஒப்பிட்டிருக்கிறார். அவர் கையாண்டது அபின் கலந்த மருந்து. கடுமையான நிலையில் அபின் வகை மருந்துகள் குறைந்த அளவில் இன்றும் பயன்படுகின்றன.

வில்லிஸ் நோயாளியின் சொல்லை நம்பினார். அடுத்து வந்தவர்கள் எல்லோரும் நம்பவில்லை. 1861இல் ஜெர்மன் மருத்துவர் தியோடோர் விட்மாக் இதே அறிகுறிகளை ஹிஸ்டீரியாவோடு சேர்த்தார். 'எல்லாம் மனசுதான்' என்ற பேச்சு இன்றும் நோயாளிகளின் காதில் விழுவதைப் பார்த்தால், அந்தப் பிழையின் ஆயுள் மிக நீண்டது.

1945இல் ஸ்வீடனின் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் இதைத் தனி நோயாக நிலைநாட்டினார். குடும்பவழி வருவதும், கர்ப்பிணிகளையும் ரத்தசோகை உள்ளவர்களையும் அதிகம் பிடிப்பதும் அவர் வழியே தெளிவாயின. இந்த வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதன் அடுத்த படி. 1953இல் அதே நாட்டின் நில்ஸ்-பிராகே நார்ட்லாண்டர் நோயாளிகளுக்கு இரும்புச்சத்தை நரம்பூசியாகச் செலுத்தினார். பலருக்குத் தொல்லை தணிந்தது. ரத்தத்தில் இரும்பு போதுமானதாக இருந்தாலும் திசுக்களில் குறைந்திருக்கலாம் என்று அவர் கருதினார். அந்த ஊகம் அரை நூற்றாண்டு கழித்துதான் முறையாகச் சோதிக்கப்பட்டது.

நடுவே 1982இல் துருக்கி மருத்துவர் செவ்கெட் அக்பினார், பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபா இதற்கும் கேட்கிறது என்று அறிவித்தார். கவனம் மூளையின் டோபமின் என்ற வேதிப்பொருளின் பக்கம் திரும்பியது. இரண்டு தடங்களும் ஓரிடத்தில் சேர்கின்றன: டோபமினை உருவாக்கும் நொதி வேலைசெய்ய இரும்பு வேண்டும். 2003இல் வெளியான ஆய்வில், இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமின் சுரக்கும் கருப்புப் பகுதியின் செல்களில் இரும்பு குறைந்திருந்தது தெரியவந்தது, செல்கள் அழிந்திருக்கவில்லை. பார்க்கின்சன் நோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இதுவே. 2007இல் நோயோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகளும் கண்டறியப்பட்டன. குடும்பவழி வருவதற்கான விளக்கம் அங்கிருந்து தொடங்கியது.

இதனால்தான் இன்று முதலில் பார்க்கப்படுவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தத்தின் ஃபெரிட்டின் அளவு. ஆய்வகத் தாளில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தாலும் போதாது. ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் வரை இருந்தால் இந்நோயில் இரும்புச்சத்து தருவது வழக்கம். தானாக வாங்கி விழுங்கக் கூடாது. உடலில் மிஞ்சிய இரும்பு ஈரலைக் கெடுக்கும். சிறுநீரகச் செயலிழப்பும் சில மனச்சோர்வு மருந்துகளும் சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் நோயைக் கிளப்பிவிடுவதால் அவற்றையும் விசாரிக்க வேண்டும்.

இந்நோயோடு சேர்த்துப் பேசப்படும் பகல் தூக்கத்தின் மூலம் இவ்வளவு நேரானதல்ல. இரவு விழித்தவர் பகலில் சாய்வது இயல்பே என்று தோன்றும். ஆனால் இந்நோயாளிகள் பலர் இழந்த உறக்கத்தின் அளவுக்குப் பகலில் தூங்கி விழுவதில்லை. சோர்வு இருக்கும், மூளையோ விழிப்பிலேயே முடுக்கப்பட்டிருக்கும். ஆகவே பேருந்தில், கூட்டத்தில், வண்டி ஓட்டும்போது கண் செருகினால் அதற்கு வேறு காரணம் தேடுவதே முறை. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல் எட்டுக் கேள்விகளால் தூக்கக் கலக்கத்தை அளக்கிறது. 24க்கு 10ஐத் தாண்டினால் மிகை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்க மூச்சடைப்பு முதலில் சந்தேகிக்க வேண்டியது.

மருந்தே காரணமாவதும் உண்டு. டோபமினைப் போலச் செயல்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவற்றை உட்கொண்ட பார்க்கின்சன் நோயாளிகள் வண்டி ஓட்டும்போதே சட்டென்று உறங்கிப்போனது 1999இல் பதிவானது. ஓயாக் கால் நோயில் இவ்வகை மருந்துகள் நாளடைவில் எதிராகவும் திரும்பலாம்: இரவுத் தொல்லை பிற்பகலிலேயே தொடங்கும், கைகளுக்கும் பரவும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2025 வழிகாட்டுதல் இவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. கபாபென்டின் வகை மருந்துகளையும், தேவைப்படுவோருக்கு நரம்பு வழி இரும்பையும் முன்வைக்கிறது. கபாபென்டினும் சிலருக்குப் பகலில் தூக்கத்தைத் தருவதால், அதன் அளவும் நேரமும் ஆளுக்கு ஆள் மாற்றியமைக்கப்படுகின்றன.