ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

என் தாத்தா குளுவாங்கிற்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூங்கில் கழி, நரம்பு, ஒரு முள், டப்பாவில் மண்புழு. இவைதாம் அவருடைய தூண்டில் சாமான்கள். காலை வேலை முடிந்ததும் தோட்டத்துக் கால்வாய் ஓரம் போய் உட்காருவார். விராலோ கெளுத்தியோ மாட்டினால் அன்று வீட்டில் மீன்குழம்பு, மாட்டாவிட்டால் கருவாடு. மீன் பிடிப்பது சட்டிக்காக என்பதே அவர் அறிந்த வழக்கம்.

அவருடைய மகனான என் மாமாவோ வேறு மாதிரி. ஜொகூர் பாருவில் வேலை செய்யும் அவர், விலை உயர்ந்த தூண்டிலும் ரீலும் வைத்திருப்பார். மணிக்கணக்கில் காத்திருந்து பிடித்த மீனை ஒரு படம் எடுத்துவிட்டு, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். தாத்தாவுக்கு இது விளங்கவே இல்லை. "அப்படியானால் எதற்கடா பிடிக்கிறாய்?" என்று கேட்பார். மாமா சிரித்து மழுப்பிவிடுவார்.

நான் படிவம் 3 படித்த ஆண்டு, பள்ளி விடுமுறையில் மாமா எங்கள் இருவரையும் எண்டாவ் ஆற்றுக்கு அழைத்துச் சென்றார். குளுவாங்கிலிருந்து கஹாங் பட்டணத்தைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்தது. பிறகு செம்பனைத் தோட்டங்களின் ஊடே 50 கிலோமீட்டருக்கும் மேல் செம்மண் பாதை. குலுங்கிக் குலுங்கிக் கம்போங் பெத்தாவை அடைந்தோம். ஜாக்குன் பூர்வகுடியினர் வாழும் அந்தக் கிராமம், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல். 1985, 1986-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் இந்தக் காட்டில் பெரிய ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தியது. காட்டைக் காக்க வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுப்பெற்றது. 1993-இல் ஜொகூர் பகுதி பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நாங்கள் பூங்காவுக்குள் போகவில்லை. கிராமத்திற்குக் கீழே, படகோட்டி பாக்சிக் காட்டிய ஒரு மடுவில் தூண்டில் போட்டோம். மாமா தேடி வந்தது கெலா மீன். கெண்டை இனத்தைச் சேர்ந்த இந்த மீன், பாறைகளுக்கு இடையே தெளிந்து ஓடும் நீரில்தான் வாழும். கலங்கிய நீர் அதற்கு ஆகாது. கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களை விரும்பித் தின்னும். மெதுவாகத்தான் வளரும். சுவைக்குப் பேர் போனதால் சந்தையில் அதன் விலை மிக அதிகம். அந்த விலையே அதற்குப் பகையாகிவிட்டது.

மாமா கொண்டு வந்திருந்த பளபளப்பான செயற்கை இரைகளை எந்த மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. தாத்தா வரும் வழியில் பொறுக்கி வைத்திருந்த செம்பனைப் பழம் ஒன்றை எடுத்து என் முள்ளில் கோத்தார். "பழம் தின்னும் மீனுக்குப் பழத்தைத்தானே போட வேண்டும்?" என்றார். அரைமணி நேரத்தில் என் தூண்டில் வில்லாக வளைந்தது.

அந்த மீன் இழுத்த இழுப்பை என் கைகள் இன்றும் மறக்கவில்லை. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாக்சிக் இடுப்பளவு நீரில் இறங்கி வலையை நீட்டினார். மேலே வந்தது, ஏறத்தாழ என் முழங்கை நீளத்திற்கு ஒரு கெலா. பெரிய பெரிய செதில்கள். ஒவ்வொன்றின் மீதும் வெயில் பட்டுப் பொன்னாக மின்னியது.

"அடேயப்பா! வீட்டில் எல்லாருக்கும் போதும்" என்றார் தாத்தா. அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் கண்டதில்லை.

"அப்பா, இதை விட்டுவிடலாம். இன்னும் இது வளர வேண்டும், முட்டையிட வேண்டும். இப்போதே இந்த ஆற்றில் கெலா குறைவு" என்றார் மாமா.

தாத்தாவின் முகம் மாறியது. "நான் வயிற்றுக்காகப் பிடித்தேன். அது பாவமென்றால் ஏற்றுக்கொள்கிறேன். நீ பசியும் இல்லாமல், வெறும் விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி இழுக்கிறாய். பிறகு விட்டுவிட்டேன் என்று பெருமை பேசுகிறாய். இது மட்டும் எந்த நியாயம்?"

மாமா பதில் பேசவில்லை. இருவரும் பாக்சிக்கைப் பார்த்தார்கள். அவர் மலாயில் நிதானமாகச் சொன்னார்: "நாங்களும் கெலா சாப்பிடுகிறவர்கள்தான். அன்றைக்கு வேண்டியதை எடுப்போம். ஆனால், வெளியிலிருந்து சிலர் இரவில் வருகிறார்கள். மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், நஞ்சு கலக்கிறார்கள். பெரிய மீனோடு குஞ்சும் செத்து மிதக்கும். அதன் பிறகு எங்களுக்கும் இல்லை, ஆற்றுக்கும் இல்லை." மின்சாரத்தாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஆனாலும் காட்டாற்றின் ஒவ்வொரு மடுவிலும் இரவெல்லாம் யார் காவல் நிற்பது?

மீன் என் வலையில் இருந்தது. முடிவும் என்னிடமே விடப்பட்டது. மாமா சொன்னபடி கைகளை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்கு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றினேன். அதன் தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்தேன். செவுள்கள் மெல்லத் திறந்து மூடின. சிறிது நேரத்தில் வாலை ஒரு முறை அடித்துவிட்டுப் பாறை நிழலில் மறைந்தது. திரும்பிப் பார்த்தேன். தாத்தா தம் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வீடு வந்து சேரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

தாத்தாவின் கேள்வி என்னை விடவில்லை. பள்ளி திறந்ததும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்த வழக்கு எங்கள் குடும்பத்தோடு முடிந்துவிடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஸ்காட்லாந்தின் ஆறுகளில் தூண்டிலில் சிக்கும் காட்டுச் சால்மன்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இன்று மீண்டும் ஆற்றிலேயே விடப்படுகின்றன. நம் நாட்டில், பகாங் தேசியப் பூங்காவின் லுபுக் தெனோரில் கெலா மீன்களுக்கென்றே ஒரு காப்பிடம் உண்டு. அங்கே பார்வையாளர்கள் மீன்களுக்கு உணவூட்டி மகிழ்கிறார்கள். யாரும் தூண்டில் போடுவதில்லை.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது காவிரியின் கதை. என் தாத்தாவின் அப்பா காவிரிக்கரையிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். அந்த ஆற்றில் ஆளுயர மீன்கள் இருந்தன என்று அவர் சொன்னதாகத் தாத்தா கூறுவார். நான் அதைக் கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன். அது கட்டுக்கதை அன்று. கெலாவின் நெருங்கிய உறவான கூன்முதுகு மஹ்சீர் காவிரியில் வாழ்கிறது. 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில், 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. அது ஏறக்குறைய 54 கிலோ!

அந்த மீன் குறையத் தொடங்கியபோது, அதைக் காக்க விரும்பிய தூண்டில்காரர்கள் கர்நாடகக் காட்டுப் பகுதியில் முகாம்கள் அமைத்தார்கள். பிடித்த மீனை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த சிலர்கூட அங்கே வழிகாட்டிகளாக மாறினார்கள். வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் அந்தப் பக்கம் வர அஞ்சினார்கள். அதோடு, ஆற்றில் மீன் வளம் பெருக வேண்டும் என்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பண்ணையில் வளர்த்த மஹ்சீர் குஞ்சுகளையும் கொண்டுவந்து விட்டார்கள். அவையோ வேறோர் இனம், நீலத்துடுப்பு மஹ்சீர்.

காலிபோரே முகாமில், 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஒவ்வொரு மீனையும் ஏட்டில் குறித்து வைத்திருந்தார்கள். 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அது. ஆய்வாளர்கள் அந்த ஏடுகளைப் புரட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. மொத்த மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால், காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹ்சீர் ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. அணைகளும் மணல் அள்ளுதலும் வெடியும் ஒரு பக்கம் வாட்ட, நல்லெண்ணத்தோடு கொண்டுவந்த விருந்தாளி மீன் மறுபக்கம் வீட்டுக்காரனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2018-இல் அந்த மீன், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்கிடையே, காட்டுயிர்ச் சட்டத்தின்படி தூண்டிலும் வேட்டையே என்று கருதப்பட்டதால் முகாம்களில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. தூண்டில்காரர்கள் போனதும் கள்ளத்தனமாக மீன் பிடிப்பவர்கள் திரும்பி வருவார்களே என்று கவலைப்பட்டவர்களும் உண்டு.

ஒரு மாலையில் இவை அனைத்தையும் தாத்தாவிடம் சொன்னேன். ஆளுயர மீன் உண்மை என்றதும் அவர் கண்கள் மலர்ந்தன. முழுக் கதையையும் கேட்டு முடித்தவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். காசு பணத்திற்குச் சொன்னது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். மீனுக்கும் அதுதான் கணக்குப் போலிருக்கிறது. எடுப்பதையும் அளக்க வேண்டும், போடுவதையும் அளக்க வேண்டும்" என்றார்.

"அப்படியானால் நான் அன்று மீனை விட்டது சரிதானே, தாத்தா?" என்று கேட்டேன்.

"விட்டது சரி, கண்ணு. ஆனால், நான் கேட்டதும் சரிதான். அதற்கு வலித்திருக்கும். அதை மறந்துவிடாதே."

நான் மறக்கவில்லை. இப்போது நான் தூண்டில் போடுவது பெரும்பாலும் குளத்தில்தான். அங்கே பிடிக்கும் விராலை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கிறோம். எப்போதாவது மாமாவோடு எண்டாவ் ஆற்றுக்குப் போனால், முள்ளின் கூர்முனைக்குப் பின்னுள்ள கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன். அது மீனின் வாயைக் கிழிக்காமல் எளிதாகக் கழன்று வரும். ஒரு கெலா மாட்டினால் போதும், தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். என்ன மீன், எந்த மடு, எவ்வளவு நீளம், எந்த நாள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். அதன் முதல் பக்கத்தில் இருப்பது அந்த முதல் கெலா. 'இரை' என்னும் கட்டத்தில், தாத்தா தம் கையாலேயே எழுதியிருக்கிறார்: செம்பனைப் பழம்.