ஊதிப் போட்ட கேசட்

சத்தியமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில், உ.வே.சா. பதிப்புகளும் வையாபுரிப்பிள்ளை பதிப்புகளும் இருக்கும் மர அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதில் முப்பத்தொரு பழைய வீடியோ கேம் பெட்டிகள், இருநூற்றுச் சொச்சம் கேசட்டுகள். வீட்டுக்கு வரும் மாணவர்கள் முதல் அலமாரியை மரியாதையோடு பார்ப்பார்கள். இரண்டாவதைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். தமிழாசிரியன் ஒருவனுக்கு மரியோவோடு என்ன சகவாசம் என்று கேட்க அவர்களுக்கு நா எழுவதில்லை. என் மனைவிக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. இரண்டு அலமாரியையும் துடைப்பது அவள்தான். இரண்டிலும் தூசி ஒன்றுதான் என்பாள்.

1993இல் எனக்குப் பதினோரு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த மாமா, தீபாவளிக்கு ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். மேலே ‘சமுராய்’ என்று எழுதியிருந்தது. உள்ளே வெள்ளையும் சிவப்புமாக ஒரு பெட்டி, ஒயரோடு பிணைந்த இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட். அப்பா ஒரு வாரம் மாமாவோடு பேசவில்லை. பிறகு அவரே மனம் மாறினார். அது வீரப்பனைத் தேடிக் காவல்படை காட்டுக்குள் அலைந்த காலம். இருட்டியபின் பிள்ளைகள் தெருவில் நில்லாமல் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடப்பது பெரியவர்களுக்கு ஒரு நிம்மதியாகவே இருந்திருக்க வேண்டும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் கூடத்தில்தான். கேசட் ஓடவில்லையென்றால் அதைக் கழற்றி, அடிவாயில் ஒரு ஊது ஊதி, மறுபடி செருகுவோம். அது பெரும்பாலும் ஓடும். ஊதியதால் அல்ல, கழற்றிச் செருகும்போது உலோகப் பற்கள் உராய்ந்து சரியாகப் பொருந்தியதால்தான் ஓடியது என்றும், எச்சில் ஈரம் அந்தப் பற்களை அரிக்கவே செய்யும் என்றும் பின்னாளில் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் ஊதாமல் செருகக் கை வருவதில்லை.

அந்தப் பெட்டி ஒரு நகல் என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ‘ஃபாமிகாம்’ என்ற பெட்டியை வெளியிட்டது. அதன் உள்ளமைப்பை அப்படியே பார்த்துச் செய்த நகல்கள் தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் உலகெங்கும் போயின. இந்தியாவில் அவை சமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர் பூண்டன. அசல் நிண்டெண்டோவை எங்கள் ஊரில் எவரும் கண்ணால் கண்டதில்லை. அதன் போட்டியாளரான சேகாவின் பெட்டிகள் தொண்ணூறுகளின் நடுவில் முறையாகவே இந்தியாவுக்கு வந்தன. விற்றது ஷா வாலஸ், சாராய வணிகத்தில் பேர்போன நிறுவனம். பெரிய நகரங்களின் பணக்கார வீடுகளைத் தாண்டி அது எத்தனை தூரம் போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. சத்தியமங்கலத்துக்கு வந்து சேர்ந்தது நகல்தான். நகலே எங்களுக்கு மூலம்.

என்னுடைய மஞ்சள் கேசட்டில் ‘99999 இன் 1’ என்று அச்சிட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் உள்ளே இருந்தவை இருபதுக்கும் குறைவு. ஒரே ஆட்டத்தை முதல் கட்டத்திலிருந்து ஒரு முறையும் மூன்றாம் கட்டத்திலிருந்து ஒரு முறையும், நிறத்தை மாற்றி இன்னொரு முறையும் பட்டியலில் ஏற்றியிருந்தார்கள். எம்.ஏ. படிக்கும்போது தொகை நூல்கள் பற்றிய வகுப்பில் எனக்கு இந்தக் கேசட் நினைவுக்கு வந்து, நான் சிரித்து, பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. ஆனால் ஒப்புமை விளையாட்டல்ல. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று நமக்கு ஒரு பெயராவது கிடைத்திருக்கிறது. இந்தக் கேசட்டுகளைத் தொகுத்தவர் யார், எந்த ஊரில், எந்த ஆட்டத்தைச் சேர்ப்பது எதை விடுவது என்று எப்படி முடிவு செய்தார், ஒன்றும் தெரியாது. ஆட்டத்தின் முகப்பிலிருந்த நிறுவனப் பெயரையும் ஆண்டையும் அழித்துவிடுவார்கள். ஆக்கியோன் பெயர் போய்விட்டது. ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’ எங்களுக்கு ‘டாங்கி’. கோனாமியின் ‘ரோடு ஃபைட்டர்’ வெறும் ‘காரு’. பாட்டில் வரும் ஒரு தொடரை எடுத்துப் புலவனுக்கே பெயராகச் சூட்டி, செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கிய மரபு நம்முடையது. அந்த வேலையைத்தான் பதினோரு வயதில் நாங்களும் செய்துகொண்டிருந்தோம்.

பாடபேதங்களும் உண்டு. 1988இல் ஃபாமிகாமுக்கு வந்த ‘கான்ட்ரா’ என்னிடம் ஏழு பிரதிகளாக இருக்கிறது. அவற்றில் எந்த இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் தொடக்கக் காட்சி இல்லை. இன்னொன்றில் எந்தக் கட்டத்திலிருந்து தொடங்கலாம், எந்தத் துப்பாக்கியோடு தொடங்கலாம் என்று கேட்கும் ஒரு பக்கத்தை எவரோ இடைச்செருகியிருக்கிறார்கள். 1994இல் ‘சோமாரி’ என்று ஒன்று வந்தது. சேகாவின் சோனிக் ஓட வேண்டிய களத்தில் நிண்டெண்டோவின் மரியோவை ஓடவிட்டது. இரு நிறுவனங்களும் கனவிலும் அனுமதித்திராத ஒட்டு. என் சேகரிப்பில் எனக்குப் பிடித்தவற்றுள் அதுவும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கான்ட்ராவில் முப்பது உயிர் பெறும் மந்திரம் (மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ) எங்களுக்குச் செவிவழியாக வந்தது. கோபியில் படித்த ஒரு பையன் வழியாக வந்ததென்று நினைவு. அதை 1986இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்துக்காக எழுதியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 2020இல் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்றுதான் அந்த மந்திரத்துக்கு ஒரு ரிஷி உண்டென்பதே எனக்குத் தெரிந்தது.

சேகரிப்பது முப்பது வயதுக்குமேல் தொடங்கியது. எங்கள் பெட்டியை நான் கல்லூரிக்குப் போன ஆண்டில் அம்மா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார். அதே போன்ற ஒன்றைத் தேடிப் புளியம்பட்டிப் பழைய இரும்புக் கடையில் நுழைந்ததுதான் தொடக்கம். “ஏனுங்க சார், இதைப் போயி காசு குடுத்து வாங்கறீங்களே” என்று கடைக்காரர் வருத்தப்பட்டு, எடைக்குப் போட்டுக் கொடுத்தார். பிறகு உக்கடத்துப் பழைய பொருட்கடைகள், சென்னை போனால் ரிச்சி தெரு, பர்மா பஜார். ஈரோட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் பெங்களூரிலும் என்னைப் போன்ற சிலர் உண்டு. எங்களுக்குள் பெரும்பாலும் பண்டமாற்றுதான். உப்புக்கு நெல் மாற்றியது போல, இரண்டு கைப்பிடிக்கு ஒரு துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது இன்றைய தட்டைத் திரைகளில் வேலை செய்யாது. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுதும் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றி மறையும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். துப்பாக்கி சுடுவதில்லை, பார்க்கிறது. தட்டைத் திரை படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிப்பதால் அந்தக் கணம் தவறிப்போகிறது. ஆகவே குழாய்த் தொலைக்காட்சி வேண்டும். நல்லவேளையாக 2006இல் தொடங்கித் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை வீடுவீடாக இலவசமாகக் கொடுத்தது. அவை இப்போது பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. என்னிடம் அதில் மூன்று இருக்கின்றன. வாத்து சுட அதைவிடச் சிறந்த திரை கிடையாது.

உலகத்தின் போக்கு வேறு. 2021 ஜூலையில் அமெரிக்காவில் ‘சூப்பர் மரியோ 64’ கேசட் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அதன் தகுதி, உறை பிரிக்கப்படவில்லை என்பது. ஒருவரும் விளையாடாத விளையாட்டு. அச்செய்தியைப் படித்தபோது எனக்குச் சற்று இளக்காரமாகவே இருந்தது. சுவடி ஓரத்தில் எழுதியவன் கிறுக்கி வைத்த கணக்கையும் மறைந்த நூலைப் பற்றி உரைகாரன் போகிறபோக்கில் தந்த மேற்கோளையும் பொன்போல் போற்றும் துறையிலிருந்து வந்தவன் நான். வளையாபதியே நமக்கு அப்படித்தானே எஞ்சியிருக்கிறது என்று பெருமை பேசினேன். அதே காலத்தில் அமெரிக்காவில் விடியோ கேம் வரலாற்றுக்கென இயங்கும் அறக்கட்டளை ஒன்று, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று கணக்கிட்டுச் சொன்னது (இது 2023இல்). திருட்டு நகல் எடுத்தவர்கள் இல்லையென்றால் என் இளமையின் ஆட்டங்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பதிப்பியல் நடத்தும் ஒருவன் இதை வெளியே சொல்வது சரியா தெரியவில்லை. போகட்டும்.

இளக்காரம் செய்ய எனக்குத் தகுதி இருந்ததா என்பதற்கு வருகிறேன்.

2019இல் கோபிசெட்டிபாளையத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கிக் கொடுத்தார். உள்ளே சாம்பல் நிறக் கேம் பாய் ஒன்றும், ‘போக்கிமான்’ சிவப்புக் கேசட் ஒன்றும் இருந்தன. 1999இல் சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி வாங்கி வந்தது. பையன் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். “இல்லீங்க கண்ணு. காலேஜ் மூணாம் வருசத்துல மஞ்சக்காமாலை வந்து போயிட்டான்” என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் கேட்டதைவிட இருநூறு கூடக் கொடுத்தேன். அன்று அது பெருந்தன்மை என்று நினைத்தேன்.

விளையாடுபவர் எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடர்வதற்காக, அந்தக் கேசட்டுக்குள் ஒரு நினைவுச் சில்லு உண்டு. நாணயம் அளவுள்ள ஒரு லித்தியம் மின்கலம் அதற்கு ஓயாமல் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். இருபது ஆண்டுக்கு அது தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மின்கலத்தை எடுத்த மறுகணம் உள்ளே இருப்பது அழிந்துவிடும். கேசட்டைக் கணினியோடு இணைத்து முதலிலேயே அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கருவிகள் இருக்கின்றன. எனக்கு அது தெரியும். கருவி ஈரோட்டு நண்பரிடம் இருந்தது, ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ‘தொடர்க’ என்ற வரி முதலில் வந்தது. அழுத்தியதும் பெட்டிக்குள் ஐந்தெழுத்தில் ஒரு பெயர், எட்டு பதக்கம், 112:40 என்று விளையாடிய நேரம். எல்லாவற்றையும் குறித்துவைக்கும் பழக்கம் உண்டென்பதால் என் பேரேட்டில் குறித்துக்கொண்டேன். பெங்களூர் நண்பர் ஒருவர் சேகாவின் அசல் மெகா டிரைவ் ஒன்றை மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். புது மின்கலம் போட்டுத் தர வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அன்றிரவே பற்றவைப்புக் கோலைச் சூடாக்கினேன். வேலை அரைமணியில் முடிந்தது. அழகாகவே முடிந்தது.

பிறகு பெருந்தொற்று வந்ததால் பரிமாற்றம் நடக்கவில்லை. 2021 கடைசியில் ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். கோபி டீச்சரின் மகள். அம்மா தெரியாமல் கொடுத்துவிட்டார், வாங்கிய விலைக்கே திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். “அதுல எங்கண்ணன் பேரு இருக்குமுங்க சார். அவன் ஆடறப்ப நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்” என்றார். நான் வரச் சொன்னேன். தொலைபேசியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவரோடும் ஏழெட்டு வயதுப் பெண்ணோடும் வந்தார். மனைவி காப்பி கொடுத்தாள். கேம் பாயை அவர் கையிலேயே கொடுத்தேன். இயக்கத் தெரிந்திருந்தது, விரல்கள் மறந்திருக்கவில்லை. இசை வந்தது, முகப்பு வந்தது. ‘தொடர்க’ என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் ‘புதிய ஆட்டம்’ என்று இருந்தது. அவர் அணைத்து மறுபடி போட்டார். கேசட்டைக் கழற்றி ஊதிச் செருகினார். மூன்று முறை.

நான் சொன்னேன். மின்கலம், சில்லு, பெங்களூர் எல்லாம். பழைய மின்கலத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதைச் சோதித்துப் பார்த்ததையும் சொன்னேன். 3 வோல்ட்டில் 2.8 இருந்தது. அது இன்னும் சில காலம் தாங்கியிருக்கும். அவர் கணவர்தான், “பரவால்லைங்க, உங்களுக்கென்ன தெரியும்” என்றார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதானே விஷயம்.

பணம் வேண்டாமென்றேன். அவர் கேட்கவில்லை, எண்ணி மேசைமேல் வைத்துவிட்டார். எழுந்திருக்கும்போது, “எத்தனை மணி நேரம் ஆடியிருந்தான்னு அதுல வருமுங்க. அது உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா” என்று கேட்டார்.

பேரேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெரிய எழுத்தில் பெயர், பதக்கம் 8, நேரம் 112:40. அவர் விரலை வைத்துப் படித்தார். செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாமா என்றார். அந்தப் பதிவின் கீழே, 2019இல் என் கையெழுத்தில், ‘பழைய பதிவு அழியும், பாதகமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. அவர் படமெடுக்கும்வரை அதன்மேல் கட்டைவிரலை வைத்து, நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.