முழுதாய் மூடாத மதகு

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். பவானிசாகரில் கீழ்பவானி வாய்க்காலுக்குத் திறப்பு ஆகஸ்ட் 15. நடுவில் வருகிற கோடைதான் மதகு வேலை செய்கிறவனுக்குப் பருவம். அதுவும் முழுசாகக் கைக்கு வராது. குடிநீருக்கென்று மதகின் ஏதாவது ஒரு கண்ணில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். டெண்டர் முடிந்து ஆள் உள்ளே இறங்குவதற்குள் மே மாதம் பாதி ஓடியிருக்கும். எதை இந்த வருடம் தொடாமல் விடலாம் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் முதல் திறமை.

மதகு ஒழுகுகிறது என்றால் எல்லார் கண்ணும் ஷட்டர் மேல்தான் போகும். புது ஷட்டர், புது பெயின்ட், புது ரப்பர் சீல் என்று மதிப்பீடு தயாராகிவிடும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்க அதுதான் தோது. ஆனால் ஷட்டர் வந்து உட்காருகிற அடித்தகடும், ஏறி இறங்குகிற பக்கத் தடமும் கான்கிரீட்டில் புதைந்து கிடக்கின்றன. அறுபது, எழுபது வருடமாகத் தண்ணீரில் ஊறிய சாதா இரும்பு. மணல் உரசி உரசி, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாய் இருக்கும். அதன்மேல் எவ்வளவு உசத்தியான ரப்பரை வைத்து அழுத்தினாலும் இரண்டு போகம் தாங்காது.

அதனால் உள்ளே இறங்கியதும் டார்ச்சை அடித்தகட்டின்மேல் அடித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை விரலை ஓட்டிப் பார்ப்பேன். அப்புறம் தூக்குக்குண்டு. மேலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி. அதன் நுனியில் கட்டிய குண்டு எண்ணெய் வாளியில் முங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் மதகுக் கிணற்றுக் காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கும், எடுக்கிற அளவு எதுவும் அளவாக இருக்காது. அடிக்கு ஓர் அளவாக இரண்டு தடத்தையும் எடுத்தால், எங்கே தடம் உள்வாங்கியிருக்கிறது, எங்கே முன்தள்ளியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த இடத்தில் கான்கிரீட்டை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை நூல் பிடித்து நிறுத்தி, சுருங்காத கிரௌட் ஊற்ற வேண்டும். கோடையில் பெரும்பங்கைத் தின்கிற வேலை இது. பில்லில் ஒரே வரி.

தடம் சரியானால் சீல் மாட்டுவது சுலபம். ரப்பர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அழுந்தினால் போதும். போல்ட்டை வெறியோடு முறுக்கினால் ரப்பர் அலையலையாகப் பிதுங்கி, அந்த அலையின் பள்ளத்தில் ஒழுகும். பக்கச் சீலும் அடிச்சீலும் சேருகிற மூலையை மட்டும் இருமுறை பாருங்கள்.

பாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். நூறு அடித் தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 டன். ஐந்து சதுர மீட்டர் ஷட்டரின் மேல் 150 டன். அவ்வளவு பாரம் தடத்தோடு சேர்த்து அழுத்தும்போது, அந்த உராய்வை மீறித்தான் ஷட்டர் நகர வேண்டும். தூக்கும்போது ஷட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ராடு இழுபடுகிறது, தாங்கிக்கொள்ளும். இறக்கும்போது அதே ராடு அமுங்குகிறது. நீளமான ராடு அமுங்கினால் பக்கவாட்டில் வளையும். அதைத் தடுக்கத்தான் இடையிடையே கைடு பிராக்கெட் வைத்திருக்கிறார்கள். அவையோ துருப்பிடித்துப் பெயருக்கு நிற்கும்.

ஷட்டர் உட்கார்ந்த பிறகும் ஒழுகுகிறதே என்று இன்னும் இரண்டு சுற்று திருகுவார்கள். அந்த இரண்டு சுற்றும் ராடுக்குள்தான் போகும். நான் பார்த்த வளைந்த ராடுகளில் பலவும் இப்படி வளைந்தவையே. மதகை இயக்குகிற பழைய லஸ்கர்களுக்கு இது தெரியும். எந்தக் கண்ணுக்கு எத்தனை சுற்று என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். "இதுக்கு மேல வேண்டாங்க சார், கீழ ஏதோ கிடக்கு" என்று ஒருவர் சொன்னால், ராடை விட அவரை நம்பலாம். ஓர் அடி தூக்கி, வேகமாய்த் தண்ணீர் விட்டு, அடித்தகட்டில் கிடக்கும் கல்லையும் கட்டையையும் அடித்துக்கொண்டு போகவிட்டு, மறுபடி இறக்கினால் பாதி ஒழுகல் நின்றிருக்கும். நம் பழைய ஏரிகளின் குமிழித் தூம்பில் தண்ணீருக்கு நீரோடித் துளை, வண்டலுக்குச் சேறோடித் துளை என்று தனித்தனியே வைத்தார்கள். கட்டும்போதே வண்டலையும் கணக்கில் சேர்த்த புத்தி அது.

காற்றுக்குழாயை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஷட்டருக்குப் பின்னால் காற்று போக வழி அடைபட்டால், வேகமாய்ப் பாயும் நீரில் குமிழிகள் உண்டாகி உடைந்து கான்கிரீட்டையே அரித்தெடுக்கும். கொஞ்சமாகத் திறந்த மதகில் ஜல்லி உருளுகிற சத்தம் கேட்டால் முதலில் அந்தக் குழாயைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஒழுகலை அளந்து சான்றிதழ் கேட்பார்கள். அணை பாதிகூட இல்லாதபோது அளந்து பிரயோசனமில்லை. நீர்மட்டம் ஏற ஏற அழுத்தத்தில் ரப்பர் நன்றாகப் படியும். தடத்தில் கோணல் மிச்சமிருந்தாலும் அப்போதுதான் வெளியே வரும். நான் கேட்பது வேறொரு கணக்கு. ஷட்டர் ஏறும்போது ஒவ்வோர் அடியிலும் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அன்றைக்கு நீர்மட்டம் என்ன என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்வேன். அவசர ஷட்டருக்கும் சேர்த்துத்தான். அதை வருடத்துக்கு ஒருமுறை முழுசாக இறக்கி ஏற்றாவிட்டால், வேண்டிய நாளில் அது இறங்காது. அடுத்த வருடம் அதே நீர்மட்டத்தில், அதே அடியில் ஆம்பியர் கூடியிருந்தால், தடத்தின் எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்று எனக்குப் பின் வருகிறவருக்குத் தெரியும்.