அரிசியை அரிசியாக வையுங்கள்

ஆய்வேடு முடியும் தறுவாயில் பிள்ளைகள் கண் கலங்குவது பெரும்பாலும் துணைநூற்பட்டியலில்தான். அதிலும் தேதியில். பல்கலைக்கழகம் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கும். ஆய்விதழோ ஆண்டு மட்டும் போதும் என்னும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகத் திருத்துவார்கள். பார்க்கவே மனம் பொறுக்காது.

லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. 1985இல் ஓரன் பட்டாஷ்னிக் தந்த பிப்டெக் என்ற துணைநூற்பட்டியல் கருவியில் ஆண்டுக்கு ஒரு புலம், மாதத்துக்கு ஒரு புலம். நாளுக்கென்று இடம் கிடையாது. நாளை மாதத்தோடு ஒட்டவைத்துச் சமாளித்தார்கள். பின்னால் பிலிப் லேமான் உருவாக்கிய பிப்லேடெக்கில் எல்லாம் ஒரே புலம்: 2021-04-03. ஐஎஸ்ஓ 8601 தரம் வகுத்த வரிசை இது. 03/04/2021 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டை முன்னால் வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை.

அச்சில் தேதி எப்படித் தெரிய வேண்டும் என்பது ஆவணத்தின் முகப்பில் ஒரு வரி. நீளமாகவா, சுருக்கமாகவா, ஆண்டு மட்டுமா என்று அங்கே சொன்னால் பட்டியல் முழுவதும் மாறிவிடும். இணையப் பக்கத்தைப் பார்த்த நாளுக்கு வேறு வடிவமும் கேட்கலாம். அதுவும் போதாதென்றால் தேதியை அடுக்கும் கட்டளையையே உங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றி எழுதலாம். தரவுக் கோப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். அரிசியை அரிசியாக வைத்திருந்தால் சோறும் வடிக்கலாம், மாவும் அரைக்கலாம். மாவாக்கிய பிறகு அரிசி திரும்பி வராது. இன்றைய இதழுக்காக நாளையும் மாதத்தையும் அழித்துவிட்டால், நாளை வேறொரு இதழ் கேட்கும்போது எங்கே போய்த் தேடுவீர்கள்?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பழைய தமிழ் நூல் ஒன்றின் முகப்பில் ‘சர்வசித்து வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1827ஆகவும் இருக்கலாம், 1887ஆகவும் 1947ஆகவும் இருக்கலாம். சித்திரையில் தொடங்குவதால் அடுத்த ஆங்கில ஆண்டின் முதல் மாதங்களும் அதற்குள் வரும். தாளையும் எழுத்துருவையும் பதிப்பாளர் பெயரையும் பார்த்து 1887 என்று தோன்றினால், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பிப்லேடெக் அதை ‘ஐயத்துக்குரியது’ என்றே எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ என்றால் அலைக்குறி. இரண்டும் தாமாக அச்சில் வரா. அதற்கான விருப்பத்தை இயக்க வேண்டும். தயவுசெய்து இயக்குங்கள். உங்கள் பட்டியலை நம்பி அடுத்த ஆய்வாளர் ஒருவர் காலவரிசை கட்டுவார்.

அதேபோல, ஆண்டு மட்டும் தெரிந்த நூலுக்கு ஜனவரி 1 என்று இட்டு நிரப்பாதீர்கள். நான்கு இலக்கத்தோடு நிறுத்திவிடுங்கள்; மென்பொருள் அதையும் ஏற்றுக்கொள்ளும்.