திறக்கத் தெரிந்தவர்கள்

சோழிங்கநல்லூரில், ஓ.எம்.ஆர். சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஐந்து தளமும் நாற்பது வீடுகளும் கொண்ட ஓர் அடுக்ககம். பெயின்ட் வேலை முடிந்து, ஆட்கள் குடிவருவதற்குக் காத்திருக்கிறது. அதன் வாசலில் எண்கள் கொண்ட ஒரு பேனலைப் பொருத்த வேண்டும். வருபவர் வீட்டு எண்ணை அழுத்தினால் அந்த வீட்டு இன்டர்காம் போன் அடிக்கும். வீட்டுக்காரர் பேசிப் பார்த்து, தெரிந்த ஆள்தான் என்றால் தன் போனில் ஓர் எண்ணை அழுத்துவார். கீழே கதவு திறந்துகொள்ளும்.

இந்த வேலையைச் செய்யும் மூன்று பேர் குழுவோடு அங்கே இருந்தேன். மூத்தவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் டெலிபோன் வயரிங்கில் இறங்கியவர். மற்ற இருவருக்கும் அவர் ‘அண்ணே’. அவர்களில் ஒருவர் தொழிலில் தேறியவர்; இன்னொருவர் இப்போதுதான் கற்கும் இளைஞர். இந்த வேலை கைக்குக் கை எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

முதல் பாடம் நிறங்கள். தளத்துக்கு எட்டு வீடு; தளத்துக்கு ஒரு பத்து பேர் (ஜோடி) கேபிள். எட்டு ஜோடிக் கம்பிகள் வீடுகளுக்கு, இரண்டு ஸ்பேர். ஐந்து கேபிள்களும் படிக்கட்டை ஒட்டிய டக்ட் வழியாகத் தரைத்தளத்துக்கு இறங்கி, இன்டர்காம் அழைப்புகளை இணைக்கும் ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிக்குப் பக்கத்தில் கூடுகின்றன. வெள்ளை–நீலம், வெள்ளை–ஆரஞ்சு, வெள்ளை–பச்சை, வெள்ளை–பிரவுன், வெள்ளை–கிரே. பிறகு சிவப்பு–நீலத்தில் தொடங்கி அதே வரிசை. இளைஞர் இதை வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே கம்பிகளைப் பிரிக்கிறார்.

“ஏழாவது பேர் எது தம்பி?”

“சிவப்பு–ஆரஞ்சு அண்ணே.”

“அப்போ அது எந்த வீடு?”

இளைஞர் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு, “மூணாவது மாடி, ஏழாம் நம்பர்” என்கிறார். அண்ணன் தலையாட்டுகிறார். நிறம் தெரிந்தால் போதாது. அந்த நிறம் எந்த வீட்டுக்குப் போகிறது என்பதும் கூடவே வர வேண்டும்.

கம்பிகளை இணைக்கும் குரோன் மாட்யூலில் ஒரு கம்பியை ஏற்றுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மேலுறையைச் சீவக் கூடாது. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியை உறையோடு பிளவில் வைத்து, குரோன் டூலை நிமிர்த்திப் பிடித்து ஒரே அழுத்து. உள்ளிருக்கும் உலோக விளிம்புகள் உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்வுகின்றன. அதே அழுத்தில் மிச்சக் கம்பியும் நறுக்கி விழுகிறது. டூல் சாய்ந்தால் பிடி சரியாக விழாது. இன்று பேசும் லைன், ஈரம் ஏறும் ஐப்பசியில் கரகரக்கும். மழைக்காலத்தில் வரும் புகார்களில் பல இந்த ஓர் அழுத்தில் பிறந்தவை என்கிறார் அண்ணன்.

போனில் எண்ணை அழுத்தினால் கதவு எப்படித் திறக்கிறது? ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து போகின்றன. 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும். இன்டர்காம் கருவி அந்த இரட்டை ஒலியை அடையாளம் கண்டு ஒரு ரிலேயைச் சில விநாடிகள் இயக்குகிறது. அந்த ரிலேயை வெளியே இருக்கும் பேனலுக்குள் வைக்கக் கூடாது என்பதில் அண்ணன் கண்டிப்பாக இருக்கிறார். பேனலை யாராவது கழற்றினாலும் பூட்டுக்குப் போகும் கம்பி கையில் அகப்படக் கூடாது. ரிலேயும் பவர் சப்ளையும் கட்டடத்துக்குள், பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

இனி பூட்டு. கண்ணாடிக் கதவின் மேல் சட்டத்தில் பொருத்தும் இ.எம். லாக் ஒரு மின்காந்தம்தான். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுத்து, 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவிசையைத் தாங்கிப் பிடிக்கும் வகை இங்கே வந்திருந்தது. மாட்டிய பிறகு தேறியவர் கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார். பிடி தளர்வாக இருந்தது. இளைஞர் லாக்கின் கம்பியைக் கழற்றி மீட்டரை வைத்தார். சரியாக 12 காட்டியது. “பவர் கரெக்டா வருதே அண்ணே, லாக்தான் கோளாறு” என்றார்.

“லோடு இல்லாம பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். லாக்க மாட்டிட்டுப் பாரு.”

மாட்டிப் பார்த்தால் 10-க்குச் சற்றுக் கீழே. பவர் சப்ளையிலிருந்து பூட்டு வரை முப்பது மீட்டர். அதற்குப் போட்டிருந்தது மெல்லிய டெலிபோன் கம்பி. போகவும் வரவுமாக அந்தக் கம்பிக்கு ஏறத்தாழ 5 ஓம் தடை. இரண்டு வோல்ட்டைக் கம்பியே விழுங்கிவிட்டது. பேச்சைச் சுமக்க அந்தக் கம்பி போதும். பூட்டுக்கு வேண்டிய கரண்டைச் சுமக்கப் போதாது. தடித்த ஒன்றரை ஸ்கொயர் வயரை இழுத்து மாற்றியதும் மீட்டர் பதினொன்றரையைத் தாண்டியது, கதவு அசையவில்லை. அண்ணன் இளைஞரைத் திட்டவில்லை. கணக்கைச் சுவரில் பென்சிலால் எழுதிக் காட்டினார். பிறகு பூட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றைப் போடச் சொன்னார், வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். மின்காந்தம் அணையும்போது திருப்பி அடிக்கும் மின்னழுத்தம் ரிலேயின் முனைகளைக் கருக்கிவிடாமல் அது காக்கும்.

இதற்குப் பிறகு வந்ததுதான் பாடங்களில் பெரியது. பூட்டு கச்சிதமாகப் பிடித்த மகிழ்ச்சியில் இளைஞர் ஸ்குரூவை முடுக்கப் போனார். அண்ணன் நிறுத்தினார்.

“பூட்டத் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. தீப்பிடிச்சா இந்தக் கதவு என்ன செய்யும்? அதைச் சொல்லிட்டு முடுக்கு.”

மின்சாரம் போனால் திறந்துவிடும் பூட்டு ஒரு வகை. மின்சாரம் போனாலும் பூட்டியே இருப்பது இன்னொரு வகை. இ.எம். லாக் முதல் வகை. ஆனால் பெட்டிக்குள் 7 ஏ.ஹெச். பேட்டரி இருக்கிறது, ஊரே இருண்டாலும் அது பல மணி நேரம் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே கதவின் உட்புறம் உடைத்து அழுத்தும் அவசர ஸ்விட்ச் ஒன்று வேண்டும். அது கருவிக்குச் செய்தி சொல்லும் ஸ்விட்சாக இருக்கக் கூடாது. பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேராக வெட்ட வேண்டும். கருவி எரிந்து போயிருந்தாலும் கதவு விட்டுக்கொடுக்க வேண்டும். வெளியேறும் கதவை உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் உள்ள நெறி. அண்ணன் விதித்தொகுப்பைப் புரட்டியவர் அல்ல. தனக்குக் கற்றுத்தந்தவரிடமிருந்து இதைக் கற்றவர்.

வாகனங்கள் வரும் ஸ்லைடிங் கேட்டிலும் இதே அக்கறைதான். கேட் நகரும் பாதையில் முழங்கால் உயரத்தில் போட்டோ சென்சார். வேலை முடிந்ததும் ஓர் அட்டைப்பெட்டியைக் குறுக்கே வைத்து, மோட்டார் நிற்கிறதா என்று மறுபடி மறுபடி பார்த்தார்கள். மோட்டாரைக் கையால் விடுவிக்கும் சாவி குடியிருப்போர் சங்கச் செகரட்டரி வீட்டு அலமாரிக்குப் போகாமல் காவலாளியிடம் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார் அண்ணன். காவலாளி ஒடிசாவிலிருந்து வந்தவர். தேறியவர் தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கி, அவரையே இரண்டு முறை கேட்டை விடுவித்துத் தள்ள வைத்தார். பேனலின் உயரத்தையும் குறைத்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவரின் கைக்கும் எட்ட வேண்டுமல்லவா?

இப்போது ஐ.பி. இன்டர்காம் வந்துவிட்டது. ஒரே கேட்–6 (Cat-6) கேபிளில் படமும் பேச்சும் மின்சாரமும் 100 மீட்டர் வரை போகின்றன. அழைப்பு மொபைலுக்கே வருகிறது. நிற வரிசையின் தேவை குறையலாம். லோடோடு அளப்பதும், தீயில் கதவு என்ன செய்யும் என்று கேட்பதும் அப்படியே இருக்கும். அந்த அறிவு இன்று பெரும்பாலும் ஒரு மூத்தவர் பக்கத்தில் நிற்கக் கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பொறுத்தே ஒருவருக்கு வாய்க்கிறது. பவர் சப்ளையும் ஒரு பூட்டும் அவசர ஸ்விட்சும் மாட்டிய ஒரு கதவுச் சட்டம் ஐ.டி.ஐ. பயிலகங்களில் இருந்தால், எத்தனையோ இளைஞர்கள் இதை முறையாகக் கற்பார்கள்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கொட்டேஷன்களில் விலையை மட்டும் ஒப்பிட்டுக் கையெழுத்திடாமல், பேட்டரி இருக்கும்போதும் அவசர ஸ்விட்ச் பூட்டை விடுவிக்கிறதா என்று வேலை முடியும் நாளில் நேரில் நின்று கேளுங்கள். வேலை தெரிந்த தொழிலாளி உடனே செய்து காட்டுவார். அப்படிச் செய்து காட்டுபவருக்கு, மிச்சத் தொகைக்காக மாதக்கணக்கில் அலையவிடாமல், அன்றைக்கே கூலியைக் கொடுங்கள். நாற்பது குடும்பங்கள் ஓடி வெளியேற வேண்டிய வழியை அவர் சரியாக அமைத்துத் தந்திருக்கிறார்.