நிலத்தடி மீன்

காரணம் அறியாத துன்பத்தை மனிதன் நெடுநாள் பொறுத்திரான். அதற்கு ஓர் உருவும் பெயரும் கொடுத்துவிட்டால் அவன் உள்ளம் சற்றே ஆறுதல் பெறும். நிலநடுக்கத்திற்கு ஜப்பானியர் கொடுத்த உரு, கெளுத்தி மீனின் உரு. அதனை அவர் 'நமாசு' என்பர்.

நீண்ட மீசையும் செதிலற்ற உடலும் உடைய இப்பெருமீன் ஜப்பான் தீவுகளின் அடியில் கிடக்கின்றதாம். அது வாலை அசைத்தால் நாடே நடுங்குமாம். காசிமா என்னும் ஊரில் கோயில்கொண்ட தெய்வம், பெருங்கல் ஒன்றால் அதனை அழுத்திக் காக்கின்றது என்பது பழங்கதை. அக்கல்லின் உச்சி மட்டும் அக்கோயிலில் இன்றும் தரைக்குமேல் தோன்றுகின்றது. மிட்சுகுனி என்னும் சிற்றரசர் ஏழு நாள் தோண்டச் செய்தும் அதன் அடியைக் கண்டிலர் என்று கூறுவர்.

1855ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் இரவு, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. வீடுகள் சரிந்தன, தீப் பரவியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பழைய நாட்காட்டியின்படி அது பத்தாம் மாதம். அம்மாதத்தில் தெய்வங்கள் யாவும் இசுமோ என்னும் தலத்திற்குச் சென்றுவிடும் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. ஆதலின், காவல் தெய்வம் இல்லாத வேளை பார்த்து நமாசு புரண்டது என்றனர்.

விரைவிலேயே நமாசுவின் மர அச்சுப் படங்கள் அரசின் இசைவு பெறாமலே விற்பனைக்கு வந்தன. சில படங்களில் மக்கள் அம்மீனைச் சூழ்ந்து அடிக்கின்றனர். வேறு சிலவற்றில் தச்சரும் கொத்தரும் அதனைப் போற்றுகின்றனர். இடிந்த வீடுகளை மீண்டும் எழுப்பும் பணியால் அவர்க்குக் கூலி பெருகிற்றன்றோ? செல்வர் பொற்காசுகளைக் கக்க, எளியோர் அவற்றைப் பொறுக்குவதாகவும் படங்கள் உள. வீடிழந்தார்க்குப் பகையான மீன், வேலை பெற்றார்க்கு நட்பாயிற்று. பேரிடர் எல்லார்க்கும் ஒரே தன்மையதாய் வருவதில்லை என்னும் உண்மையை, கல்லாதாரும் உணருமாறு அப்படங்கள் காட்டின.

புவியின் மேலோட்டுப் பாறைத்தட்டுகள் நகர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்று அழுந்தும் இடத்தில் ஜப்பான் அமைந்திருப்பதே நடுக்கத்திற்குக் காரணம் என்பதை இன்று அந்நாட்டுச் சிறுவரும் அறிவர். 1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாளில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அந்நாளை நினைவிற்கொண்டு, இடர் நேருங்கால் தம்மைக் காத்துக்கொள்ளும் பயிற்சி ஆண்டுதோறும் அங்கே நடைபெறுகின்றது.

நமாசு மறைந்துவிடவில்லை. பெரும் நிலநடுக்கம் நேர்ந்தால் பொது ஊர்திகள் செல்லலாகாத சாலைகளைக் காட்டும் பலகைகளில் அதன் படம் பொறிக்கப்பட்டுள்ளது. தெய்வத்தின் கல்லை நம்பியிருந்த மக்கள், தம் விழிப்பை நம்பக் கற்றுக்கொண்டனர்; அச்சத்திற்கு உருவாய்ப் பிறந்த மீனும் அவர்க்கு எச்சரிக்கையின் உருவாயிற்று.