கைப்பிடி

பெரிய தேர் ஓடுவதற்குச் சிறிய அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்று வள்ளுவர் காட்டியதை யான் தேர்வுத் தாளிற் பலமுறை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆயினும் அதன் பொருளை உணர்ந்தது வகுப்பறையில் அன்று; சென்ற ஐப்பசித் திங்களில், மழை பெய்ததொரு மாலையில், இரும்புலியூர் அருகே பெருஞ்சாலையின் நடுவில்.

எங்கள் இல்லத்தில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் உண்டு. 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் கூடித் தொடங்கிய தொழிலின் வழிவந்த வண்டி அது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிற் பிறந்தது. தாய்நாடாகிய இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டளவில் அத்தொழில் நின்றுபோயிற்று, சென்னையில் நிற்கவில்லை. என் தந்தையார் அதனை 1996ஆம் ஆண்டில் வாங்கினார். கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்த பழைய வகை. சேலையூரிலிருந்து குரோம்பேட்டைக்கு அவர் அதிலேயே பணிக்குச் சென்று வந்தார்.

சென்ற ஆண்டு பக்கவாத நோய் அவருடைய வலக்கையைத் தளரச் செய்தது. அன்றுமுதல் வண்டியை யான் ஓட்டலானேன். எனினும் அது எனக்கு அப்பாவின் வண்டியே. அவரும், “வண்டியை நனையாமல் நிறுத்தினாயா?” என்று கேட்பாரேயன்றி, “உன் வண்டி” என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவ்வண்டியின் வலக்கைப் பிடியுறையில், அவருடைய பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதிற் பொருந்துவதில்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உரம்பெறச் செய்யும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். கிறித்துவக் கல்லூரியிற் பயின்ற மாமன் மாப்பிள்ளை 1946ஆம் ஆண்டில் அதே திருவொற்றியூரில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கிப் பின்னர்ப் பெருந்தொழிலதிபரானார். ரப்பரின் வரலாறு இவ்வாறு பெரியது. அதன் ஆயுளோ சிறியது. வெயிலும் வியர்வையும் எண்ணெயும் அதனைத் தளர்த்திவிடும். எங்கள் பிடியுறையும் பிசுபிசுத்து, வரிகள் தேய்ந்து கிடந்தது. மாற்ற வேண்டும் என்று அறிந்தும், அந்தப் பள்ளத்தை எறிய மனம் வராமல் நாளைக் கடத்தினேன்.

அம்மழை மாலையில் ஒரு பேருந்தைக் கடக்க ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். என் கை திரும்பியது, ரப்பரும் திரும்பியது, உள்ளிருந்த குழல் மட்டும் திரும்பவில்லை. வண்டி வேகங்கொள்ளாமல் தயங்கிற்று. பின்னே வந்த லாரியின் ஒலி முதுகில் அறைந்தது. எவ்வாறோ ஒதுங்கி ஓரத்தில் நின்றேன். என் முழங்கால்கள் நடுங்கின.

மறுநாள் மின்சார இரயிலில் எழும்பூர் சென்று, புதுப்பேட்டைக்கு நடந்தேன். உதிரிப்பாகக் கடைக்காரர், “தம்பி, இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடாதே, வலப்பக்கத்து உறைக்குத் துளை பெரிது” என்றார். இடப்பக்கத்து உறை கைப்பிடிக் கம்பியின்மீதே ஏறும். வலப்பக்கத்ததோ அக்கம்பியைச் சுற்றியுள்ள ஆக்ஸிலேட்டர்க் குழலின்மீது ஏறவேண்டும்.

தந்தையாரிடம் கூறாமலே வேலையைத் தொடங்கினேன். இடப்பக்கத்துப் பழைய உறையைக் கத்தியாற் கீறி அகற்றிப் புதியதைச் செலுத்தினேன். இறுக்கமாயிருந்தமையின் தேங்காய் எண்ணெய் தடவினேன். எளிதாய் ஏறியது. மறுநாட் காலையில் அதைவிட எளிதாய்க் கழன்று கையோடு வந்தது! தாழ்வாரத்து நாற்காலியிலிருந்து இதனைக் கண்ட தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். நோயுற்றபின் அவர் அவ்வாறு சிரித்து யான் கேட்டதில்லை.

“எண்ணெய் உள்ளே இருக்குமட்டும் ரப்பர் பற்றாது. சோப்பு நீரால் கழுவு, நன்றாக உலர்த்து” என்று அங்கிருந்தே கட்டளையிடலானார். கழுவி உலர்ந்தபின் உறையின் உட்புறத்திற் பசையை மெல்லிதாய்த் தடவி, அது இறுகுமுன் ஒரே மூச்சில் தள்ளினேன். வலப்பக்கத்துக்கு இன்னும் கவனம் வேண்டும் என்றார். பசை குழலுக்கும் கம்பிக்கும் இடையே கசிந்தால் ஆக்ஸிலேட்டர் சிக்கிக்கொள்ளும், விட்டபோது மீளாது.

அந்த வலப்பக்கத்துப் பழைய உறையைக் கீறக் கத்தியை எடுத்தேன். “அதை வெட்டாதே” என்றார். ஏற்கெனவே தளர்ந்திருந்தமையின், சோப்பு நீர் விட்டுத் திருகியதும் அது முழுமையாய்க் கழன்றது. கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் முழுதும் பசை உலரவிட்டோம். பின்னர், “திருகி விடு, தானே திரும்புகிறதா பார்” என்றார். திரும்பியது. இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பச் சொன்னார். எஞ்சின் ஒலி ஏறவில்லை. ஏறியிருப்பின் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்பது பொருளாம்.

கைக்குப் பயிற்சியாக அழுத்தும்படி மருத்துவமனையிற் கொடுத்த ரப்பர்ப் பந்து, நெடுநாளாகக் கட்டிலின்கீழ்க் கிடக்கிறது. அதனைத் தொட அவர் விரும்பியதில்லை. இப்பொழுதோ மாலைதோறும் அப்பழைய உறையை வலக்கையில் வைத்து அழுத்துகிறார். விரல்கள் இன்னும் முழுதும் மூடவில்லை. பெருவிரல் மட்டும் தன் பழைய பள்ளத்தைக் கண்டு அங்கே சென்று அமர்கிறது.

சென்ற ஞாயிறன்று அவர் என்னை அழைத்து, “உன் வண்டியை எடு, சந்தைவரை போய் வருவோம்” என்றார். யான் ஓட்ட, அவர் பின்னே அமர்ந்து வந்தார். அவருடைய வலக்கை என் தோளின்மேல் இருந்தது.